பன்னிரண்டாவது சீருடை

ஒரு சட்டம் மாறினால் அது முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் வக்கீலுக்கு என்பார்கள், பேப்பர் படிக்கிறவர்களுக்கு என்பார்கள். இந்தத் தெருவில் அது முதலில் தெரிந்தது தையல்காரிக்கு. பேப்பரைப் படித்து இல்லை, துணியைப் பார்த்து.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் இருக்கும்போது சீருடைக் கடைக்காரர் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். பள்ளிக்கூடத்துக்கு வாசல் ஒன்று, பக்கம் இரண்டு. இடது பக்கத்தில் வீட்டு பாஷையில் பாடம், பச்சைச் சீருடை. வலது பக்கத்தில் ஆபீஸ் பாஷையில் பாடம், நீலச் சீருடை. இரண்டு பாஷைக்கும் முறையான பெயர் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் புழங்குவதில்லை. சண்டை போடுவதும் கொஞ்சுவதும் வீட்டு பாஷை. கரண்ட் பில்லிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இருப்பது ஆபீஸ் பாஷை. அவ்வளவுதான் விஷயம்.

ஒன்றாம் வகுப்புக்குப் பச்சையில் முப்பது உருப்படி வந்த வருஷம் உண்டு. போன வருஷம் இருபத்திரண்டு. இந்த வருஷம் கட்டை அவிழ்த்துப் பார்த்தவள் இரண்டு தடவை எண்ணினாள். ஆறு கவுன், ஐந்து கால்சட்டை. பெடலை அழுத்தி மெஷினை ஓடவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"என்னண்ணே, துணி பத்தலையா?"

"துணி மலையாக் கெடக்கும்மா. பிள்ளைங்கதான் பத்தலை." கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஆபீசர் வீடு வீடாப் போறாரே, அவர் பாஸ் போட்ட பிள்ளைக்குத்தான் நான் பச்சை வெட்டணுமாம். கடிதாசியே வந்திருச்சு. இதுவரைக்கும் பதினொண்ணு."

"பன்னிரண்டு இருந்தாத்தானே வகுப்பு?"

"ஆமா. இன்னும் ஒரே ஒரு வீடுதான் பார்க்க வேண்டியது பாக்கி." அவர் மூலையில் தரையில் உட்கார்ந்து துண்டுத் துணிக்குப் பட்டன் வைத்து விளையாடிக்கொண்டிருந்த தையல்காரியின் மகளைப் பார்த்தார். "உங்க வீடு."

சட்டம் இதுதான். வீட்டில் எந்தப் பாஷை பேசுகிறார்களோ, பிள்ளை அந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதை நிச்சயம் பண்ண ஒரு ஆபீசர் வீட்டுக்கே வந்து பிள்ளையிடம் நேராகப் பேசிப் பார்ப்பார். அந்த நேரத்தில் பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பிள்ளை சேரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் அந்த வகுப்பே கிடையாது, எல்லாரும் மறுபக்கம் போக வேண்டியதுதான். கேட்பதற்கு என்னவோ நியாயமாகத்தான் இருக்கிறது. ஆளை விழுங்குகிற சட்டங்கள் எல்லாமே காதுக்கு நியாயமாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் போனபிறகு அவள் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்த்தாள். மகளுக்கென்று தனியாக எடுத்துவைத்த பச்சைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் இன்னும் அதில் கத்தரி வைக்கவில்லை. பாஸ் ஆகட்டும், பிறகு வெட்டலாம் என்று ஒரு பயம். அவளுக்கு அந்த மாதிரி பயங்கள் நிறைய.

மகளைத் தெருவே வாயாடி என்றுதான் கூப்பிடும். ஐந்து வயது. பேச ஆரம்பித்தால் எதிராளி கும்பிடு போட்டுவிட்டுத்தான் தப்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு நேரம் உண்டு. மெஷின் ஓடும்போது மட்டும்.

அது எப்படி வந்தது என்றால், இந்த வீட்டால் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு வீடு தேடி அலைந்தார்கள். வீட்டு பாஷைக்காரர்கள் என்று தெரிந்ததும் போகிற இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் இந்த மாடி கிடைத்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா தையல்காரியின் புருஷனிடம் ஆபீஸ் பாஷையில் கேட்டது ஒரே கேள்வி. வீட்டில் என்ன பேசுவீர்கள்? அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஆபீஸ் பாஷையில் பரீட்சை எழுதி வேலை வாங்கியவன். கண் இமைக்காமல் சொன்னான், இதேதான் அம்மா என்று. அந்த அம்மா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. அவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். ஆனாலும் திருந்திய குடும்பம் என்று நம்ப அவளுக்கு ஆசை, நம்பிக்கொண்டாள். வாயில் இனிப்பும் கையில் சாவியுமாக வாழ்கிற மனுஷி.

மாடிக்குத் தரை வெறும் மரப்பலகை. மேலே கரண்டி விழுந்தால் கீழே கேட்கும். அதனால் மோட்டார் மெஷின் ஓடும்போது மட்டும் இவர்கள் வீட்டு பாஷையில் பேசினார்கள். தைக்கத் துணி இல்லாத நேரத்திலும் பேச வேண்டியது ஏதாவது இருந்தால், ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை ஓட்டுவாள். புருஷன் அதைச் சொல்லிச் சிரிப்பான். "ஊரெல்லாம் கரண்ட்ல லைட் எரியுது, நம்ம வீட்ல பேச்சு எரியுது" என்பான். மெஷின் நின்றால் எல்லாரும் ஆபீஸ் பாஷைக்கு மாறுவார்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார்கள்.

மகளுக்கு அவன் ஒன்பது வாக்கியம் கற்றுக்கொடுத்திருந்தான். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பார்த்துக் கேட்டால் சொல்வதற்கு. உச்சரிப்பு அப்படியே ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். ஒன்பதையும் ஒப்பித்தால் அந்த அம்மா ஒரு மிட்டாய் கொடுப்பாள். ஒன்பதுக்கு மேலே பத்தாவதாக ஒரு வார்த்தை அந்தப் பாஷையில் குழந்தைக்குத் தெரியாது.

பச்சைப் பக்கத்தில்தான் மகள் படிக்க வேண்டும் என்று தையல்காரி ஒற்றைக் காலில் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இடது பக்கம் என்று ஒன்றே கிடையாது. எல்லாருக்கும் நீலம்தான். கடைசி பெஞ்சில் மூன்று வருஷம் உட்கார்ந்தாள். டீச்சர் பேசுவது அவளுக்கு ஓட்டில் மழை பெய்கிற சத்தம் மாதிரிதான் கேட்டது. முதல் மாதத்தில் ஒருநாள் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போகக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பெஞ்சு நனைந்தது, தரை நனைந்தது, முன்வரிசை வரைக்கும் போனது. மூன்று வருஷமும் வகுப்பில் அவளுக்கு ஈரபெஞ்சு என்றுதான் பெயர். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசும். கையில் இருக்கிற துணி வியர்வையில் ஒட்டும்.

ஆபீசர் வியாழக்கிழமை வருவதாகச் சீட்டு வந்தது. காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள். புதன்கிழமை சாயங்காலம் முட்டைக்காரி படியேறி வந்தாள். தெருவில் வீடு வீடாக முட்டை போடுகிறவள். பாஸ் ஆன பதினோரு பேரில் அவள் மகனும் ஒருவன். தையல்காரி உடனே மெஷினை ஓட்டினாள்.

"எல்லாம் உன் பொண்ணு கையிலதான் இருக்குடி" என்றாள் முட்டைக்காரி, கூடையை இறக்காமலே. "அவ ஒருத்தி பாஸானா வகுப்பு உண்டு. இல்லைன்னா என் பையனுக்கும் சேர்த்துத்தான் நீலம்."

"பயமுறுத்தாதக்கா."

"பயமுறுத்தலை. நடந்ததைச் சொல்றேன். வெல்டிங் கடைக்காரர் வீட்ல என்ன ஆச்சு தெரியும்ல? பொண்ணு நல்லாத்தான் பேசிட்டிருந்திருக்கு. அம்மாக்காரி பின்னாடி நின்னு லேசாத் தலையாட்டியிருக்கா. அவ்வளவுதான். பெத்தவங்க தூண்டுதல்னு எழுதி மூடிட்டார். நீ சிலை மாதிரி நில்லு. மூச்சுகூட பார்த்து விடு."

"அவர் எந்த பாஷைல கேப்பார்?"

"நம்ம பாஷைலதான். அவரே நம்மாளுதான். அதுதான் கொடுமை." முட்டைக்காரி நாலு முட்டையைத் தட்டில் வைத்தாள். "பிள்ளைக்கு வேகவச்சுக் குடு. தெம்பாப் பேசட்டும்."

அன்றைக்கு டிப்போவிலிருந்து வந்த புருஷன் கைக்கிரீஸைக்கூடக் கழுவாமல் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். தையல்காரி கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஒரு மாமா வருவார். அவர்கிட்ட நம்ம பாஷைல பேசணும். சரியா?"

"மெஷின் ஓடுமாப்பா?"

"ஓடாது. ஓடாட்டியும் பேசலாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

வாயாடி யோசித்தாள். அவள் யோசித்தால் மூக்கு சுருங்கும். "வீட்டுக்காரம்மா இருந்தா?"

"அவங்க எதுக்கு வரப்போறாங்க?"

"வந்தா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க இன்ஜினுக்கு அடியில் கிடந்த களைப்பும் இருந்தது. "வந்தா எப்பவும் போலத்தான். அவங்க முன்னாடி வாயத் திறந்திராத தாயே. அப்புறம் நாம மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

தையல்காரிக்கு அது காதில் விழுந்தது. திருத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பாபினில் நூல் தீர்ந்து மெஷின் தடுக்கியது. நூல் மாற்றி, ஊசி கோத்து, மறுபடி ஓட்டுவதற்குள் அப்பாவும் மகளும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நாளைக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் அவன் ஐந்து மணிக்கே ஷிஃப்டுக்குப் போனான். இவளுக்குப் பதற்றத்தில் அது சுத்தமாக மறந்துவிட்டது. மறக்கக் கூடிய விஷயமா அது? ஆனால் மறந்துவிட்டது.

வியாழக்கிழமை ஒரு பொட்டுக் காற்று இல்லை. மேகம் காலையிலேயே கூரைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது, பெய்யவும் இல்லை, நகரவும் இல்லை. தையல்காரி தரையைக் கூட்டினாள், நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள், மறுபடியும் கூட்டினாள். மகளுக்குத் தலைவாரி, முட்டையும் ரொட்டியும் ஊட்டினாள். பதினோரு சீருடையும் தைத்து முடிந்து கொடியில் வரிசையாகத் தொங்கின. காஜா எடுத்துப் பட்டன் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அவள் ஊசியை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணி ஆனது. ஒன்று ஆனது. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் அவள் ஜன்னலுக்குப் போனாள். வாயாடி துணிக்குவியல் மேலே படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள்.

இரண்டரைக்குக் கீழே பெல் அடித்தது. மாடிக்கென்று தனி பெல் இருக்கிறது, அது அடிக்கவில்லை. ஆபீசர் கீழ்வீட்டு பெல்லை அடித்திருக்கிறார். பேச்சுக்குரல் கேட்டது. பிறகு படியில் காலடிச் சத்தம். தையல்காரி எண்ணிப் பார்த்தாள். இரண்டு பேருடைய காலடி.

முன்னால் வந்தது வீட்டுக்காரம்மா. நல்ல புடவை, நெற்றியில் பவுடர். பின்னால் கையில் பையோடு ஒரு ஒல்லி மனிதர், சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"உங்களைத் தேடி அதிகாரி வந்திருக்கிறார். நானே அழைத்து வந்தேன்" என்றாள் அந்த அம்மா ஆபீஸ் பாஷையில். சொல்லிவிட்டு இறங்கிப் போகவில்லை. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்லெண்ணத்தோடுதான் உட்கார்ந்தாள். தன் வீட்டுக் குடித்தனத்தின் பெருமையை ஒரு அதிகாரி பார்க்கும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை.

நேற்று மகள் கேட்ட கேள்வியும் புருஷன் சொன்ன பதிலும் அப்போதுதான் தையல்காரிக்கு ஞாபகம் வந்தன. கொஞ்சம் கீழே இருக்கீங்களாம்மா என்று கேட்டுவிடலாமா? கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்டால் மூன்று வருஷத்துப் பொய்யும் வெளியே வரும். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் பையிலிருந்து தாளை எடுத்துவிட்டார்.

"இனிமே நீங்க பேசக் கூடாதும்மா. தெரியுமில்ல?" என்றார் வீட்டு பாஷையில். அவருடைய குரல் நல்ல குரல். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாடா கண்ணு. இப்படி உக்காரு. எத்தனை வயசு உனக்கு?"

வாயாடி அவரைப் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"வணக்கம். என் வயது ஐந்து" என்றாள். ஆபீஸ் பாஷை. சுத்தமான உச்சரிப்பு.

ஆபீசர் பேனாவைத் திறக்கவில்லை. "பரவாயில்லடா, நீ வீட்ல பேசற மாதிரியே பேசலாம். அப்பா எங்க போயிருக்கார்?"

"என் அப்பா பஸ் டிப்போவில் வேலை செய்கிறார். என் அம்மா துணி தைக்கிறார். எனக்குப் பால் பிடிக்கும்."

"பால் பிடிக்குமா! இந்த பட்டன் எல்லாம் யாரோடது? உன்னோடதா?"

ஒன்பது வாக்கியத்தில் பட்டனுக்குப் பதில் இல்லை. குழந்தை திணறினாள். "நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்றாள். வீட்டுக்காரம்மா பூரித்துப்போய்த் தலையாட்டினாள்.

ஆபீசருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தே தையல்காரிக்கு அது தெரிந்தது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "ராத்திரி தூக்கம் வரலைன்னா அம்மா என்ன சொல்லித் தூங்க வைப்பாங்க? அதை மட்டும் மாமாவுக்குச் சொல்லிடு."

வாயாடியின் மூக்கு சுருங்கியது. அவள் கண் மெஷினுக்குப் போனது. மெஷின் ஓடவில்லை. அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் மெஷினைப் பார்த்தாள்.

தையல்காரி பேசவில்லை. தலையாட்டவில்லை. அவள் நின்றது மெஷின் பக்கத்தில். காலை மட்டும் நகர்த்திப் பெடலை அழுத்தினாள்.

தடதடவென்று மெஷின் ஓடியது. குழந்தையின் முகம் அப்படியே மலர்ந்தது. கட்டிய கையை அவிழ்த்துவிட்டு ஆபீசரிடம் குனிந்து என்னவோ சொன்னாள், வேகமாகச் சொன்னாள், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேட்கவில்லை.

"நிறுத்துங்கம்மா!" ஆபீசர் கையை உயர்த்தினார். "ஒண்ணும் காதுல விழல. நிறுத்துங்க."

அவள் காலை எடுத்தாள். மெஷின் நின்றது. குழந்தையின் பேச்சும் அதோடு நின்றது.

"இப்ப சொல்லுடா தங்கம். இப்ப சொன்னியே, அதையே சொல்லு."

வாயாடி நிமிர்ந்து நின்றாள். கையைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். "வீட்டிலும் நாங்கள் இதே மொழியில்தான் பேசுகிறோம். நன்றி. போய் வருகிறேன்."

பேனா திறக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு தெளிவு, பாருங்கள்!" என்றாள் வீட்டுக்காரம்மா. இடுப்பிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினாள்.

"சார்." தையல்காரிக்குத் தன் குரலே யாருடையதோ மாதிரி கேட்டது. வீட்டு பாஷை. மெஷின் ஓடாத அறையில், அந்த அம்மாவுக்கு முன்னால். "சார், அது பாடம் பண்ணினது சார். ஒம்பது வாக்கியம்தான் சார் தெரியும் அவளுக்கு. பத்தாவது கேட்டா முழிப்பா. பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது சார். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. அங்க கொண்டுபோய் உக்கார வச்சா அவ என்ன பண்ணுவா?"

"அம்மா, மெஷின் ஓடலையேம்மா" என்றாள் வாயாடி பயந்துபோய், வீட்டு பாஷையில். "ஏன் பேசறே?"

"கேட்டீங்கல்ல சார்? இப்ப அவ பேசினது நம்ம பாஷைதானே சார்?"

ஆபீசர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பெத்தவங்க பேசினதுக்கு அப்புறம் பிள்ளை சொல்றது கணக்கில் வராதும்மா. எனக்குத் தெரியுது. எல்லாம் தெரியுது. ஆனா தெரிஞ்சதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டதைத்தான் எழுதணும்."

"மேல எழுதிக் கேக்கலாமா?"

"கேக்கலாம். மூணு மாசத்துல பதில் வரும். பள்ளிக்கூடம் அடுத்த மாசம் திறந்திரும்." அவர் எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது நின்று, கொடியில் தொங்கிய பச்சைச் சீருடைகளை ஒரு தரம் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

வீட்டுக்காரம்மா அதுவரைக்கும் நாற்காலியை விட்டு அசையவில்லை. நீட்டிய மிட்டாயை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஏமாந்துபோன முகம், அது கோபத்தைவிட மோசம்.

"உன் கணவர் வந்ததும் கீழே வந்து என்னைப் பார்க்கச் சொல்" என்றாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே ஒழுங்காகப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். கீழே கதவு சாத்திய சத்தம் பலகை வழியாகக் காலுக்குத் தெரிந்தது.

நாலு மணிக்குக் கடைக்காரர் போன் பண்ணினார். இந்த மாதிரி சேதிக்குக் கால் இருக்கும் போல. "கேள்விப்பட்டேன்மா. அந்தப் பச்சைக்குப் பட்டன் வைக்க வேண்டாம். அப்படியே கட்டி வச்சிரு. நாளைக்கு நீலம் அனுப்பறேன். பன்னிரண்டு உருப்படி." போனை வைக்கப் போனவர் மறுபடி சொன்னார். "முட்டைக்காரி வந்து கத்தினா மனசுல வச்சுக்காத."

தையல்காரி கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். கடைசியில் அலமாரியைத் திறந்து கத்தரி படாத பன்னிரண்டாவது துணியை எடுத்து அவற்றோடு சேர்த்துக் கட்டினாள். அழுகை வரவில்லை. புருஷன் மேல் கோபம் வந்தது, பாபின் மேல் கோபம் வந்தது, சுற்றிச் சுற்றி அது தன்னிடமே வந்து நின்றது.

வாயாடி பக்கத்தில் வந்து சேலையைப் பிடித்தாள். மெஷினைக் காட்டி ஓட்டச் சொன்னாள். அவள் ஓட்டினாள்.

"நான் சரியாத்தானேம்மா சொன்னேன்? ஒம்பதும் சொன்னேன். ஏன் மிட்டாய் குடுக்கலை?"

"சரியாத்தான் சொன்னே கண்ணு. ஒரு தப்பும் இல்லை."

"அப்பா சொன்ன மாதிரியே சொன்னேன்."

"ஆமாடி தங்கம்."

அவளைத் தூக்கி மெஷின் பலகை மேலே உட்கார வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த பச்சை நூலை எடுத்துப் போட்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மழை இன்னும் இறங்கவில்லை.

"இன்னொரு வாக்கியம் இருக்கு. பத்தாவது. அம்மா சொல்லித் தர்றேன், சொல்றியா?"

"அது எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துல வேணும். கையை இப்படித் தூக்கணும். டீச்சர் பார்க்கற வரைக்கும் இறக்கக் கூடாது. அப்புறம் சொல்லணும்."

பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்று அறை நிசப்தமானது. வாயாடி திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெஷினை ஓட்டும்மா" என்று விரல் இடுக்கு வழியாகக் கிசுகிசுத்தாள்.

"வேண்டாம் கண்ணு. இதுக்கு மெஷின் வேண்டாம்."

தையல்காரி கையைத் தூக்கிக் காட்டினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் தாமதமாகக் கற்றுக்கொண்ட வாக்கியத்தை ஆபீஸ் பாஷையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஐயா, நான் சிறுநீர் கழிக்க வெளியே போகலாமா?"

வாயாடி கையைத் தூக்கினாள். அவளுக்கு எதுவும் சீக்கிரம் பிடிபடும். இரண்டாவது தடவையே தப்பில்லாமல் வந்தது. ரேடியோக்காரியின் உச்சரிப்பு. கையை இறக்காமல், அம்மா போதும் என்று சொல்வாள் என எதிர்பார்த்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.